தோப்புக்கு வந்த கொண்டமுச்சு

நகரிக்குப் பக்கத்தில் மலையை ஒட்டி எங்களுக்கு ஒரு மாந்தோப்பு இருக்கிறது. செம்மூஞ்சிக் குரங்குகள் பிஞ்சைக்கூட விட்டுவைப்பதில்லை என்று, போன பங்குனியில் என் அண்ணன் ஒரு கொண்டமுச்சுவைக் கொண்டுவந்து தோப்பின் முதல் மரத்தில் கட்டினான். கரிய முகமும் நீண்ட வாலும் உள்ள மந்தி அது. அதைக் கண்டாலே மற்ற குரங்குகள் ஓடிவிடும் என்று எங்கள் பக்கத்தில் பலரும் செய்வதுதான். அடிவாரக் காட்டில் கிளைக்குக் கிளை தாவித் தழை தின்ன வேண்டிய அதன் கழுத்தில் நைலான் கயிறு.

குரங்குகள் ஓடியது உண்மை. பதிலுக்கு, அனுமாரே வந்துவிட்டார் என்று ஊர் வந்து சேர்ந்தது. சனிக்கிழமைதோறும் வடைமாலை, சர்க்கரைப் பொங்கல், அதன் முகத்தோடு முகம் வைத்து செல்ஃபி. நெற்றியில் அப்பிய குங்குமம் கண்ணில் இறங்கி, தேய்த்துத் தேய்த்து அதன் இமை வீங்கிவிட்டது. கும்பிட்டவர்கள் அதையும் படம் பிடித்தார்கள்.

"தழை துன்ற வயிறுண்ணா அது. எண்ணெயும் வெல்லமும் போட்டா செத்துடும். அவுத்து உட்டுடலாம்," என்றேன்.

"சாமிக்கு ஊட்டறவங்கள நான் எப்பிட்றா தடுக்கறது? ஊரு என்னத்தான் திட்டும்," என்றான் அண்ணன். அவனுக்குக் காய் தப்பினால் போதும்.

நானே ஆலந்தழையும் புளியந்தழையும் ஒடித்துப் போட்டேன். ஆவலாக அள்ளித் தின்னும். நான் நகர்ந்ததும் யாராவது அதை ஒதுக்கிவிட்டுப் பொங்கலை வைப்பார்கள். "சாமிக்குப் போய் தழைய போடுவாங்களா?" என்று என்னையே கேட்டார் அண்ணி.

வயிறு உப்பியது. கழிசலில் மரத்தடியே நாறியது. மூக்கைப் பொத்திக்கொண்டு கற்பூரம் காட்டினார்கள். வனத்துறைக்குச் சொல்லிவிடுவேன் என்று மிரட்டினேன். வீட்டின் மேல் கேஸ் வரும் என்று அண்ணன் என் செல்லைப் பிடுங்கிக்கொண்டான். மறுநாள் காலையில் நானே கயிற்றை அவிழ்த்துவிடலாம் என்று போனபோது அது விறைத்துக் கிடந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இன்றும் சோறு இறங்காது. மஞ்சள் துணி, மாலை, மேளம், தெலுங்கில் பஜனை. அண்ணி வாய்விட்டு அழுதார். நடிப்பில்லை, நிஜக் கண்ணீர். அதுதான் எனக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது. குழியில் மண் தள்ளிக்கொண்டிருக்கும்போதே அண்ணன் சற்றுத் தள்ளிப் போய், மந்தியைக் கொண்டுவந்து கொடுத்தவனுக்குப் போன் போட்டான்.

"சாமி பூட்ச்சிப்பா. இன்னொண்ணு அனுப்பு. கொஞ்சம் நல்லா துன்றதா பாத்து அனுப்பு. இது வெறும் தழையவே துன்னுக்கினு கெடந்து செத்துட்ச்சி."