அக்கா தைக்காத திரைச்சீலை

விடியற்காலை ஐந்தரை மணிக்கு அத்தான் போன் செய்தார். "உங்கக்கா போயிட்டாப்பா" என்றார். தூக்கத்திலேயே உயிர் பிரிந்திருந்தது. வந்தவர்கள் எல்லாரும் போய், இப்போது வீடு அடங்கிவிட்டது. அவளை நினைத்தால் அழுகையை முந்திக்கொண்டு சிரிப்பு வருகிறது. வரட்டும். சிரிக்க வைத்தே பழக்கியவள்.

அக்கா ஜன்னல்களுக்குத் திரைச்சீலை தைக்கும் கடை வைத்திருந்தாள். தெருவைப் பார்த்த கடை. கண்ணாடிக்குப் பின்னால் தொங்குவதைப் பார்த்துத்தான் ஆட்கள் உள்ளே வருவார்கள். கட்டடத்தின் சொந்தக்காரர் கீழ்த்தளத்தை மருந்துக்கடைக்குக் கொடுத்துவிட்டு, அவளை இரண்டாம் மாடியின் பின்பக்க அறைக்கு ஏற்றிவிட்டார். அப்படி ஒரு கடை இருப்பதே தெருவுக்கு மறந்துபோனது. தையல் மெஷின் மூடியே கிடந்தது. இழுத்துப் பூட்டிவிட வேண்டியதுதான் என்றார் அத்தான்.

"கண்ணாடி போனா என்ன? கம்ப்யூட்டர்ல ஒரு கண்ணாடி மாட்டிடறேன்" என்றாள் அக்கா. ஐம்பது வயதைத் தாண்டியவள், வெப்சைட் வடிவமைக்கவும் படங்களை வெட்டித் திருத்தவும் சொல்லித்தரும் மாலை வகுப்பில் போய்ச் சேர்ந்தாள்.

"மவுஸைக் கத்திரிக்கோல் மாதிரி பிடிக்கிறாப்பா. என்னிக்கு அதோட வாலை நறுக்கப் போறாளோ!" என்று அத்தான் என்னிடம் புகார் சொன்னார்.

"முதல்ல உங்க வாயைத் தைக்கணும்" என்றாள் அவள்.

ஒருநாள் கம்ப்யூட்டர் அசையவே மாட்டேன் என்கிறது என்று கூப்பிட்டாள். போய்ப் பார்த்தேன். தான் தைத்த திரைச்சீலைகளைப் படமெடுத்து, எல்லாவற்றையும் ஒரே அளவுக்கு வெட்டியிருந்தாள். அதில் தப்பில்லை. ஆனால் வெட்டி விழுந்த ஓரங்களையும் ஒன்றுவிடாமல், தனித்தனி லேயராக, அடுக்கடுக்காக, அதே ஃபைலில் மறைத்து வைத்திருந்தாள். ஒவ்வொன்றுக்கும் பேர் வேறு: 'நீல மூலை', 'மஞ்சக் கோடு', 'எதுக்கும் இருக்கட்டும்'.

"இதையெல்லாம் அழிச்சாத்தான் அது மூச்சு விடும்க்கா."

"நல்ல துண்டை யாராவது குப்பையில போடுவாங்களா?"

"இது துணி இல்லக்கா. படம்."

"படமா இருந்தா என்னடா? பூ வேலை அப்படியே இருக்கு பாரு!"

தையல்காரியின் கை. துண்டைத் தூக்கி எறிய வராது. அவளோ அந்த ஓரங்களையெல்லாம் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டவைத்து, ஒரே திரைச்சீலை போலச் செய்து, வெப்சைட்டின் உச்சியில் தொங்கவிட்டாள். கொஞ்சம் அகலமாகத்தான் இருந்தது. அழகாகவும் இருந்தது.

வெப்சைட் திறந்து சில நாள் வரை ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. பிறகு ஒரு மதியம், நான் அங்கே இருந்தபோது, போன் வந்தது. மேலே தொங்குகிற அந்தக் கலர் கலர் திரைச்சீலைதான் வேண்டும் என்றது ஒரு பெண் குரல்.

அக்கா போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். "டேய், அதை நான் தைக்கவே இல்லையேடா!"

"இல்லைன்னு சொல்லிடு."

போனைக் காதில் வைத்தாள். "கொஞ்சம் நாளாகும்மா, பரவாயில்லையா?"

கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அவள் மூட்டை கட்டிச் சேர்த்து வைத்திருந்த நிஜத் துண்டுகளைப் பொறுக்கி அதே மாதிரி தைத்தாள். அதைப் பார்த்த இன்னொருத்தி கேட்டாள். அப்புறம் ஒரு ஓட்டல்காரர் எல்லா ஜன்னல்களுக்கும் கேட்டார். மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்து, அதன் சத்தம் கீழே மருந்துக்கடை வரை கேட்டது. மாடியேறி வருகிறவர்களுக்கு முதலில் நாற்காலி, அப்புறம்தான் பேச்சு. அவளை நான் அவ்வளவு மலர்ச்சியாக அதற்கு முன் பார்த்ததில்லை.

ஒரே குறை. புதிதாக வருகிறவர்கள் முன்பக்கப் படியில் ஏறி, மருந்துக்கடைக் கிடங்கில் போய் முட்டிக்கொண்டார்கள். அதனால் வழிகாட்டும் படம் ஒன்றைத் தானே வரைந்து வெப்சைட்டில் போட நினைத்திருக்கிறாள். இன்று அவள் கம்ப்யூட்டரில் அதைத் திறந்து பார்த்தேன். தெரு, மருந்துக்கடை, பக்கத்துச் சந்து, பின்பக்கப் படி எல்லாம் இருக்கிறது. முதல் மாடிக்கு மேலே போகும் படிகளை அவள் இன்னும் வரையவில்லை.