சாலிஹ் வீட்டு சேர்வர்

மாத்தளை நகரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் சாலிஹை ஐம்பத்திரண்டு வயதில் ஒரு கொள்கை பிடித்துக்கொண்டது. இணையத்தில் வைக்கும் குடும்பப் படங்களைக் கண்காணாத யாரோ உட்கார்ந்து பார்க்கிறார்கள் என்று வட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்திருந்தது. அன்று முதல், கண் சோதிக்க வந்தவர்கள் சுவரிலுள்ள எழுத்துகளை வாசித்து முடித்த பிறகு, அந்தரங்கத்தைப் பற்றிய சொற்பொழிவையும் கேட்டுவிட்டுத்தான் கண்ணாடி வாங்க முடிந்தது. நம்முடைய படங்கள் நம் வீட்டிலேயே இருக்க வேண்டும், அவற்றைச் சேர்த்துவைத்து இருபத்துநாலு மணி நேரமும் ஓடும் சொந்தக் கம்பியூட்டர் ஒன்று வேண்டும், அதுதான் சேர்வர் என்று விளக்கினார்.

புதிதாக எதையும் வாங்குவதில்லை என்பதும் கொள்கையில் சேர்ந்தது. பழைய இரும்புக் கடையில் மெமரி கிடைத்தது. தன் கடையில் எரிந்துபோன கம்பியூட்டரிலிருந்து விசிறியைக் கழற்றினார். யட்டவத்தயில் டைப்பிங் கடை நடத்தும் மனைவியின் தம்பி பவாஸ், பழைய கம்பியூட்டர் ஒன்றை முழுசாகவே கொடுத்தார். எல்லாவற்றையும் ஒன்றாகப் பூட்டியபோது பெட்டியின் மூடி மூடவில்லை. மனைவி நுஸ்லா விருந்தாளிகளுக்கென்று வைத்திருந்த தேத்தண்ணிக் கோப்பைகளை இறக்கிவிட்டு, கண்ணாடி அலுமாரியில் சாலிஹ் சேர்வரைக் குடியேற்றினார். ரிவர்ஸ்டன் மேட்டில் லொறி ஏறுவதுபோல் அது இரைந்தது.

பவாஸின் ஹார்ட் டிஸ்க்கில் பழைய கோப்புகள் அப்படியே கிடந்தன. அழித்துவிட்டுத்தான் மேற்கொண்டு வேலை. பிறர் கோப்பைத் திறப்பது பாவம் என்று ஊருக்குச் சொன்னவர், டிஸ்க் பழுதில்லையா என்று பார்க்க ஒன்றே ஒன்றை மட்டும் திறந்தார். தொழில்நுட்பக் காரணம்தான். பிறகு அதே காரணத்துக்காக நாற்பதைத் திறந்தார்.

எல்லாம் மொட்டைக் கடிதங்கள். அதிகாரிகளுக்கு, பாடசாலை அதிபர்களுக்கு, பள்ளிவாசல் நிர்வாகத்துக்கு. ஒவ்வொன்றின் அடியிலும் ‘நேர்மையான பிரஜை’. ஒன்றில் சாலிஹின் பெயரே இருந்தது. அலுவிகாரையில் அவர் வீட்டு மதில் வடிகானுக்கு மேல் நிற்கிறது என்ற புகார். ஆறு வருடத்துக்கு முன் அதிகாரிகள் வந்து அளந்து, மதிலில் இரண்டடியை உடைக்க வைத்தது அந்தக் கடிதத்தால்தான். பவாஸ் மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளையைப் பற்றி அந்த வாரம் தான் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசியது அவருக்கு ஞாபகம் வந்தது.

ஆனால் புகார் எழுதியவர் என்று அன்று அவர் முடிவுகட்டியது பக்கத்து வீட்டு ரிஸ்வியை. அளக்கும்போது ரிஸ்வி தன் வீட்டுக் கேட்டடியில் நின்று பார்த்தார் என்பதே சாட்சி. அதற்குப் பிறகு ரிஸ்வி சொன்ன ஒவ்வொரு ஸலாத்துக்கும் சாலிஹ் மனதுக்குள் மட்டும் பதில் சொன்னார். மார்க்கக் கடமை தவறக் கூடாதல்லவா.

நுஸ்லாவைக் கூப்பிட்டுக் காட்டினார். தம்பியின் கடிதத்தை அவள் இரண்டு தரம் வாசித்தாள்.

"அவனோட நான் பேசிக்கிறேன்," என்றாள். "நீங்க மொதல்ல பக்கத்து வீட்டுக்குப் போங்க."

போவதற்கு அவருக்கு மூன்று நாள் பிடித்தது. ரிஸ்வி கதவைத் திறந்து, ஒன்றும் கேட்காமல் கதிரையைக் காட்டினார். சாலிஹ் நடந்ததையெல்லாம் சொல்லி, தன்னை மன்னிக்கச் சொன்னார்.

"சாலிஹ் நானா, நான் எழுதியிருந்தா பேரப் போட்டுத்தான் எழுதியிருப்பேன்," என்றார் ரிஸ்வி. "ஒங்களுக்கு அது வெளங்கும்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

தேத்தண்ணி வந்தது. பாதி குடித்த பிறகு ரிஸ்வி மெல்லக் கேட்டார்:

"என்னப் பத்தியும் ஏதாச்சும் இருக்கா?"

இரண்டு இருந்தன. இருவரும் சாலிஹ் வீட்டுக்கு வந்து, அலுமாரிக்கு முன் உட்கார்ந்து பின்னேரத்து அஸர் பாங்கு வரை வாசித்தார்கள். ஆறு வருடம் பேசாதவர்களுக்குப் பேச நிறைய விஷயம் அகப்பட்டது.

நுஸ்லா தம்பியிடம் என்ன சொன்னாள் என்பது தெரியாது. அடுத்த வாரம் பவாஸ் புத்தம்புதிய கம்பியூட்டர் ஒன்றோடு வந்து, மச்சானுக்கு அந்தப் பழசு சரிவராது, அதைத் திருப்பித் தந்துவிடலாம் என்றார். புதிதாக எதையும் வாங்குவதில்லை என்பதுதான் சாலிஹின் கொள்கை. இதை அவர் வாங்கவில்லையே. நன்றி சொல்லி ஏற்றுக்கொண்டார். பழைய பெட்டியை அவரே தூக்கிப்போய் பவாஸ் வந்த ஓட்டோவில் வைத்தார். கடிதங்கள் இருந்த ஹார்ட் டிஸ்க்கை மட்டும் முன்பே கழற்றி ரிஸ்வியிடம் கொடுத்துவைத்திருந்தார்.