நான் விற்ற மடக்குக் கத்தி

சிரம்பானில் ஓர் இரும்புச் சாமான் கடையில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறேன். முதலாளி சீனர், தவுக்கே என்று கூப்பிடுவோம். பூட்டு, பெயிண்ட், மண்வெட்டி, தோட்டத்து ஆட்கள் எண்ணெய்க்கான செம்பனைக் குலை அறுக்கிற அரிவாள் எல்லாம் விற்போம். முன்பக்கக் கண்ணாடிப் பெட்டியில் டார்ச் லைட்டும் மடக்குக் கத்திகளும் இருக்கும். அந்தப் பெட்டி என் பொறுப்பு. எனக்கு வீடு ரெம்பாவ் போகிற வழியில் ஒரு தோட்டத்தில். தினமும் மோட்டார் சைக்கிளில் போய் வருவேன். இப்போது எழுதுவதை என் மனைவியிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை.

போன வருடம் ஒரு நாள் மத்தியானம் ஒரு பெண் வந்து அந்தப் பெட்டிக்கு முன்னால் நின்றாள். இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். முடியை இறுக்கிக் கொண்டை போட்டிருந்தாள்.

“அண்ணே, மடக்குக் கத்தி பாக்கணும். அம்பது வெள்ளிக்குள்ள.”

“எதுக்கும்மா? மீன் பிடிக்கப் போறீங்களா?”

“இல்லண்ணே, டூட்டிக்கு. நான் போலீஸ்.”

பேச்சுக் கொடுத்ததில் பக்கத்துத் தோட்டத்துப் பெண் என்று தெரிந்தது. அவள் அப்பா அங்கே குலை அறுக்கிறவர். அரிவாள் வாங்க எங்கள் கடைக்கு வருவார், முகம் தெரியும். ரோந்து காரில் வேலைக்குப் போட்டு ஆறு மாதம் ஆகிறது என்றாள். அதற்குள் ஒரு விபத்தில், சீட் பெல்ட் இறுகிப்போய் ஒரு பெரியவர் காருக்குள் மாட்டிக்கொண்டாராம். யாரோ வீட்டுக்கு ஓடிக் கத்தரிக்கோல் கொண்டு வரும்வரை இவள் அவர் கையைப் பிடித்தபடி நின்றிருக்கிறாள்.

“எல்லாரும் என் யூனிஃபார்மையே பாத்துக்கிட்டு நிக்கிறாங்கண்ணே. இவ எதுக்கு இருக்கான்னு நெனச்சிருப்பாங்க. அதான் சொந்தமா ஒண்ணு வெச்சுக்கலாம்னு.”

துணியை விரித்து ஐந்தாறு கத்திகளை எடுத்து வைத்தேன். கைப்பேசியில் நிறைய வீடியோ பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள். ஒரு கையால் திறக்க வேண்டும், இன்னொரு கை ஆளைப் பிடித்திருக்கும். அலகு நீளமாக இருக்கக் கூடாது. பாதி அலகில் பல் இருந்தால் பெல்ட் சீக்கிரம் அறும். கடற்கரைப் பக்கமும் டூட்டி போடுவார்கள், அதனால் துரு பிடிக்கக் கூடாது. கால்சட்டைப் பையில் செருக கிளிப் வேண்டும். பட்டனை அமுக்கினால் பாய்கிற கத்தி வேண்டுமா என்று சும்மா கேட்டுப் பார்த்தேன்.

“அத வெச்சிருக்கிறவங்களப் பிடிக்கிறதே எங்க வேலை லா,” என்று சிரித்தாள்.

அவள் கேட்ட எல்லாவற்றுக்கும் பொருந்துகிற கத்தி ஒன்று கடையில் இருந்தது. ஆரஞ்சு நிறப் பிடி, பார்க்க அழகில்லை, ஆனால் திறந்தால் பூட்டு டக்கென்று உட்காரும், அசையாது. விலை நாற்பத்தைந்து வெள்ளி. கடைசி ஒன்றுதான் மிச்சம். அது என் மேசை இழுப்பறையில், பில் புத்தகத்துக்கு அடியில் இருந்தது. சம்பளம் வந்ததும் எனக்கே வாங்கிக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்திருந்தேன். எனக்கு அது எதற்கு? அட்டைப்பெட்டி பிரிக்க, மாம்பழம் நறுக்க. அவ்வளவுதான்.

துணியில் இருந்ததில் அவளுக்குப் பிடித்தது கறுப்புக் கத்தி ஒன்று. பார்க்க எடுப்பாக இருக்கும். உள்ளே ஒரு மெல்லிய தகடுதான் அதற்குப் பூட்டு. அந்தச் சரக்கில் ஏற்கெனவே இரண்டு திரும்பி வந்திருந்தன. அழுத்தினால் பூட்டு நழுவுகிறது என்று டயர் கடைக்காரர் ஒருவர் என் கண்முன்னால் மடக்கிக் காட்டிவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு போனார். அந்த இரண்டையும் புது பிளாஸ்டிக் உறையில் போட்டு மறுபடி டப்பாவில் அடுக்கியவன் நான். தவுக்கேயிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் எல்லாவற்றையும் திருப்பி அனுப்பு என்பார், எனக்குத்தான் கூடுதல் வேலை.

“வேற ஏதும் இருக்காண்ணே?”

“இந்த விலைக்கு இவ்வளவுதான்மா.”

“லாக் கெட்டியா இருக்குமா?”

“இருக்கும்.”

பூட்டைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. விரல்களை ஒதுக்கி வைத்துக்கொண்டு, திறந்த அலகின் முதுகை மரத்தில் லேசாகத் தட்டிப் பார்க்க வேண்டும். பூட்டு பலவீனம் என்றால் அலகு மடங்கிவிடும். யார் கத்தி வாங்கினாலும் கேட்காமலே செய்து காட்டுவேன். அன்றைக்குச் செய்யாமலே கறுப்புக் கத்தியை அவளுக்கு விற்றேன். மறந்துவிட்டேன் என்று பிற்பாடு எனக்கே சொல்லிக்கொண்டு பார்த்தேன். மறக்கவில்லை.

ஒன்றரை மாதம் கழித்து அவள் மறுபடி வந்தாள். வலது கையில் மணிக்கட்டுவரை கட்டு. நான் ஸ்டூலில் ஏறி மேல்தட்டிலிருந்து பெயிண்ட் டின் இறக்கிக்கொண்டிருந்தேன். கட்டைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

தோட்டத்துச் சந்தியில் குலை ஏற்றிய லாரி கவிழ்ந்திருக்கிறது. ஓட்டுநர் பெல்ட்டில் தலைகீழாகத் தொங்கியிருக்கிறார். இவள் உள்ளே நுழைந்து கத்தியைத் திறந்து பெல்ட்டுக்கு அடியில் செருகியபோது, அலகின் முதுகு எதிலோ இடித்து, அலகு இவள் விரல்கள் மேலேயே மடங்கிவிட்டது. பிறகு குலை அறுக்கிற ஆள் ஒருவர் அரிவாளால் பெல்ட்டை அறுத்து ஓட்டுநரை இறக்கினாராம். அவருக்குப் பெரிய காயம் இல்லை. இவளுக்கு இரண்டு விரல்களில் நரம்பு அறுந்து ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். ஆள்காட்டி விரல் இனி முழுதாக மடங்காது என்று சொல்லிவிட்டார்கள்.

“நான்தான் சரியாத் திறக்கல போலண்ணே. அவசரத்துல லாக் விழுந்துச்சான்னு பாக்கல.”

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். “அவசரத்துல அப்படித்தான் ஆகும்மா” என்றேன்.

அவள் பார்வை என் இடுப்புக்குப் போனது. சம்பளம் வந்ததும் நான் வாங்கிக்கொண்ட ஆரஞ்சுக் கத்தி என் பையில் கிளிப்போடு வெளியே தெரிந்தது. ஸ்டூலில் ஏறியதில் சட்டை மேலே தூக்கியிருந்தது.

“இது நல்லா இருக்கே. எங்க வாங்குனீங்க?”

“பழசும்மா. இப்ப வர்றதில்ல.”

இடது கையால் திறக்க வசதியாக ஏதாவது வந்தால் சொல்லுங்கள் என்று நம்பரைக் கொடுத்துவிட்டுப் போனாள். அவள் போன பிறகு கடைக்குப் பின்னால் போய் நின்றேன். அந்தக் கத்தியை எடுத்துப் பார்க்கக்கூடக் கை கூசியது. வீட்டில் யாரும் கேட்காதபோதே இது பழைய கத்தி என்று மனைவியிடம் சொன்னேன். அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள்.

பத்து நாள் அப்படியே ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மோட்டாரை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் அவள் அப்பா ஒரு வாளியில் காலணி கழுவிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

“வாங்க தம்பி. புள்ளயப் பாக்க வந்தீங்களா? கடைக்காரவங்க யாரு இவ்வளவு தூரம் வருவா?”

உள்ளே உட்கார வைத்து மைலோ கலக்கப் போனார். அவர் அடுப்படியில் இருந்தபோது நான் அவளிடம் சொன்னேன். டயர் கடைக்காரர், புது உறை, இழுப்பறை எல்லாம். ஆரஞ்சுக் கத்தியைத் திறந்து, அலகின் முதுகை மேசை ஓரத்தில் தட்டிக் காட்டினேன். அது அசையவில்லை. “அதுல இப்படித் தட்டியிருந்தா மடங்கியிருக்கும்மா” என்றேன்.

அவள் அந்தக் கத்தியின் பூட்டை இடது கை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

“இத ஏன் அன்னைக்கு எனக்குச் செஞ்சு காட்டல?”

“காட்டியிருந்தா நீங்க வாங்கியிருக்க மாட்டீங்க.”

அழுவாள், திட்டுவாள் என்று நினைத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். குரல் மாறியது. ஸ்டேஷனில் இப்படித்தான் பேசுவாள் போலிருக்கிறது.

“டப்பாவுல இன்னும் எத்தன இருக்கு?”

“ஏழு.”

“எனக்கு அப்புறம் யாருக்காவது வித்தீங்களா?”

ஒருவருக்கு விற்றிருந்ததைச் சொன்னேன். சி ரூசா கடற்கரையில் ஒரு ஹோட்டல் காவலாளிக்கு. அது அவள் கட்டோடு வந்து போனதற்கு முந்தின வாரம்.

“நாளைக்கே அந்த ஏழு கத்தியையும் எடுத்துடுங்க. அவரையும் போய்ப் பாருங்க,” என்றாள். அப்பா மைலோவோடு வருகிற சத்தம் கேட்டதும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “அப்பாக்கிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க. அவரு மனசு தாங்காது.”

ஆரஞ்சுக் கத்தியை மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்தேன். “எடுத்துக்கிட்டுப் போங்கண்ணே,” என்றாள். அண்ணே என்று அவள் அப்போதும் கூப்பிட்டதுதான் என்னால் தாங்க முடியவில்லை. அவள் அப்பா மோட்டார்வரை வந்து ஒரு சீப்பு வாழைப்பழத்தை ஹேண்டிலில் மாட்டிவிட்டார். அதையும் வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

மறுநாள் தவுக்கேயிடம் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. ஏழு கத்தியையும் பட்டறையில் வைத்து அலகை முறித்துக் குப்பையில் போடச் சொன்னார். “முதலிலேயே ஏன் சொல்லவில்லை?” என்று மலாயில் ஒரே ஒரு தடவை கேட்டார். அதற்குப் பிறகு ஒரு மாதம் என்னிடம் அதிகம் பேசவில்லை.

அந்த வாரமே லீவு போட்டுவிட்டு சி ரூசாவுக்குப் போனேன். காவலாளி ஐம்பது தாண்டிய மனிதர், பழைய தோட்டத்து ஆள். ஹோட்டல் கேட்டில் குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். கறுப்புக் கத்தியைத் திருப்பிக் கொடுங்கள், வேறு நல்லது தருகிறேன் என்றேன். என் பையிலிருந்த ஆரஞ்சுக் கத்தியைக் கொடுத்தேன்.

“எதுக்குங்க? இது நல்லாத்தானே இருக்கு.”

“லாக் சரியில்ல. கைய வெட்டிடும்.”

அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பக்கத்து பார்க்கிங்கில் நின்ற இன்னொரு காவலாளியைக் கூப்பிட்டார்.

“இங்க பாருய்யா. கத்தி சரியில்லன்னு சிரம்பான்லருந்து தேடிக்கிட்டு வந்திருக்காரு. இந்தக் காலத்துல இப்படி ஒரு மனுசன்.”

இரண்டு பேரும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். எனக்குக் குடிக்க ஏதாவது வாங்கித் தந்தே ஆக வேண்டும் என்றார் அந்தப் பெரியவர். ஒரு பெண் போலீஸ் சொல்லித்தான் வந்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் வாங்கிக் கொடுத்த ஐஸ் காப்பியைக் குடித்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டுத் திரும்பினேன்.