கவுன்சிலில் பெயர் ஏறாத படிப்பு

சௌல்தாரி கிராமத்து ரூபா பிளஸ் டூ முடித்ததும் தீவை விட்டு மெயின்லேண்டுக்குப் போய் டி.பார்ம், மருந்தாளுநர் படிப்பு, படிக்கிறேன் என்றுதான் சொன்னாள். அவள் அப்பா அழகையா ஒத்துக்கொள்ளவில்லை.

"கப்பலேறிப் போயி தனியா ஹாஸ்டல்ல கெடக்கணுமா? பத்துபஸ்தியிலயே ஒரு வருஷ கோர்ஸ் இருக்காம். காலையில பஸ்ல போனா சாயந்தரம் வீட்டுக்கு வந்துரலாம்."

அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. மாடியில் இரண்டு அறைகளில் நடந்த அந்தப் பயிற்சி நிலையத்தில் சேர்ந்தாள். பார்மசி டெக்னீஷியன் என்று சான்றிதழும் கொடுத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் மருந்தக வேலைக்குப் போனபோது, அங்கிருந்த அதிகாரி அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"யே நஹி சலேகா, இது செல்லாது. இது பார்மசி கவுன்சில் அங்கீகரிச்ச படிப்பு இல்லம்மா. இத வச்சு நீ பதிவு பண்ணவே முடியாது."

ரூபாவுக்கு அழுகை வரவில்லை. காதெல்லாம் சூடேறிக்கொண்டு வந்தது. அங்கிருந்து நேரே பத்துபஸ்திக்குப் போனாள். பயிற்சி நிலையத்தை நடத்திய யோகராஜ் புது வருடத்துக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார்.

"கவுன்சில் அங்கீகாரம் இருக்குன்னு நாங்க எப்பம்மா சொன்னோம்? நீ கேட்டியா?" என்றார், மேசையிலிருந்து தலையைத் தூக்காமலே.

அந்த 'கேட்டியா'தான் அவளை விடவில்லை. கீழே இறங்கியவள் படிக்கட்டின் வாயிலிலேயே நின்றுகொண்டாள். ஒரு வங்காளி அம்மா மகளோடு வந்தாள். "பெஹலே பூச்சோ ஆன்ட்டி, கவுன்சில் மே நாம் சடேகா க்யா?" கவுன்சிலில் பெயர் ஏறுமா என்று முதலில் கேளுங்கள் என்றாள் ரூபா. அவர்கள் மேலே போய்க் கேட்டுவிட்டு, முகம் சுண்டித் திரும்பினார்கள். அடுத்து வந்தவர்களையும் அவள் விடவில்லை. யோகராஜ் இறங்கி வந்து போலீசைக் கூப்பிடுவேன் என்றார்.

"கூப்பிடுங்க. அவங்க முன்னாடியும் இதையேதான் கேப்பேன்."

ஆனால் ஒருவர் அவளைத் தாண்டிக்கொண்டு போனார். "பொண்ணு கல்யாணம் வரைக்கும் சும்மா இருக்க வேண்டாமேன்னுதாம்மா. ஏதோ ஒரு படிப்பு." பின்னால் அவர் மகள் தலை குனிந்து படியேறினாள். யோகராஜ்மேல் வந்ததைவிடப் பெரிய ஆத்திரம் ரூபாவுக்கு அந்த மனிதர்மேல் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் அது அழகையாமேல் விடிந்தது.

"நான் என்ன படிக்கிறேன்னு ஒரு நாளாவது விசாரிச்சீங்களா? சாயந்தரம் வீட்டுக்கு வந்துரணும். உங்களுக்கு வேண்டியது அதுதானப்பா."

"ஒன் நல்லதுக்குத்தாம்மா..."

"யார் நல்லதுக்கு?"



இந்த முறை ரூபா யாரையும் கேட்கவில்லை, எல்லாவற்றையும் கேட்டாள். கவுன்சிலின் அங்கீகாரம் இந்த வருடத்துக்கு இருக்கிறதா, பயிற்சி எந்த ஆஸ்பத்திரியில், போன வருடம் முடித்தவர்களின் நம்பர் கிடைக்குமா என்று ஒவ்வொரு கல்லூரிக்கும் போன் போட்டாள். ஒரு கல்லூரியில் எரிச்சல்பட்டு போனை வைத்துவிட்டார்கள், அதன் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டாள். மதுரையில் பொறுமையாகப் பதில் சொன்ன கல்லூரியில் சேர்ந்தாள். ஹட்டோ துறைமுகத்தில் கப்பலேறும்போது அழகையா கையசைத்தார். அவள் பதிலுக்கு அசைக்கவில்லை.

இன்று தீவுக்குத் திரும்பி, ரங்கத் பஜாரில் ஒரு மருந்துக்கடையில் ரூபா பதிவு பெற்ற பார்மசிஸ்ட். பத்துபஸ்தி நிலையம் வேறு பெயரில் இன்னும் நடக்கிறது. அவள் எழுதிப்போட்ட புகாருக்குப் பதில் வரவில்லை, மறுபடியும் எழுதிக்கொண்டிருக்கிறாள். கடைக்கு வரும்போதெல்லாம் அழகையா பக்கத்தில் நிற்பவர்களிடம், "எம்பொண்ணுதான், நான்தான் படிக்க வச்சேன்" என்பார்.

"நீங்க படிக்க வச்சது வேறப்பா," என்பாள் ரூபா, மாத்திரை எண்ணும் கையை நிறுத்தாமல்.