இரண்டு பேருக்கான பேட்டரி

இன்று என் பாய்மரப் படகுக்குப் புது பேட்டரி போட, ஆயர் ஈத்தாம் ஊரில் பேட்டரிக் கடை வைத்திருக்கும் ஃபரீதா அக்கா வந்தார். ஃபேன், ஃப்ரிட்ஜ், விளக்கு எல்லாம் இரண்டு பேருக்கென்று கணக்கு எழுதி அனுப்பி, நான்கு பேட்டரி கேட்டிருந்தது நான்தான். இதில் நான் எஞ்சினியர் வேறு.

நான்கையும் தானே தூக்கி இறக்கிவிட்டுக் கேட்டார்: "இன்னொரு ஆளு எங்க தம்பி?"

"என் வைஃப். தவறி அஞ்சு மாசமாச்சுக்கா. பழக்கத்துல ரெண்டுன்னு போட்டுட்டேன்."

"அப்ப ரெண்ட திருப்பி எடுத்துக்கவா?"

"வேணாம்க்கா."

அக்கா வேலையைத் தொடங்கினார். நான்கையும் இணைத்து, ஒவ்வொரு ஒயரையும் இழுத்துப் பார்த்தபின்தான் நிமிர்ந்தார். இவ்வளவு சுத்தமான வேலையை நான் பார்த்ததில்லை.

"இவ்ளோ கரண்ட வச்சிக்கிட்டு தனியா என்னா பண்ணப் போற? ஆளுங்கள கூப்பிடு லா!"

நண்பர்களே, கூப்பிடுகிறேன். ஞாயிறு மதியம் படகில் ஐஸ் இருக்கும். சாப்பாடு யார் கொண்டு வருகிறீர்கள்?