படத்தில் விழுந்த கல்

எங்கள் மலையில் இருக்கும் போளூர் வேலுமணியைக் காட்டுமிராண்டியாக்கியதில் எனக்கும் பங்குண்டு. 1959-இல் மதராஸிலிருந்து வந்த சினிமாக் கம்பெனிக்காரர்கள் கொடைக்கானல் பஜாரில் என் கடையில் ஏறி, "காட்டுவாசி வேஷத்துக்கு மலை ஆள் வேணும், சேக் பரீது பாய்" என்றார்கள். நான்தான் அவனைக் கைகாட்டினேன். உருளைக்கிழங்கு போட்டுப் பிழைக்கிறவன், அதிர்ந்து பேசத் தெரியாதவன்.

அவனுடைய ஒரே மகன் மணியனை முந்தின வருஷம் காட்டெருமை குத்திக் குடலைச் சரித்துவிட்டது. பன்னிரண்டு வயது. அப்படி அகாலமாய்ப் போனவர்களுக்கு அவன் குடும்பத்தில் தோட்டத்து ஓரம் ஒரு கல் நடுவார்கள். வருஷம் திரும்பும் நாளில் கிடாய் வெட்டி, அதன் ரத்தத்தைக் கல்லில் தடவிச் சோறு படைப்பார்கள். டைரக்டர் போளூருக்குப் போனது மணியனுக்கு அப்படிப் படைத்ததற்கு மறுநாள். ரத்தம் காய்ந்த கல்லைக் கண்டதும், நரபலி கேட்கிற சாமி என்று அவராகவே முடிவு கட்டிவிட்டார். யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் கௌரவம் குறைந்துவிடும் போல.

வேலுமணியின் முகத்தில் கரி பூசி, இடுப்பில் தழை கட்டி, கையில் ஈட்டி கொடுத்தார்கள். என்ன காட்சி என்று சொல்லவில்லை. அவன் வெட்கத்தோடு சிரித்துக்கொண்டு நின்றான். காமிரா ஓடியது. கதாநாயகன் நேராகப் போய் அந்தக் கல்லை எட்டி உதைத்தான். கல் சாய்ந்தது.

வேலுமணி ஈட்டிக் கட்டையால் அவன் வாயில் இடித்தான். பல் தெறித்தது. விழுந்தவன் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து, "எம் புள்ளைய மிதிக்கியாலே" என்று கத்திக் கத்திக் குத்தினான். ஸ்டண்ட் ஆட்கள் நாலு பேர் சேர்ந்து அவன் விலா எலும்பை முறித்த பிறகுதான் பிடி விட்டது. காமிராவை மட்டும் ஒருத்தனும் நிறுத்தவில்லை.

மூன்று மாதம் ஜெயிலில் கிடந்தான். கல்லை அவன் மனைவி வேலுத்தாய் ஒற்றை ஆளாக நிமிர்த்தி நட்டாள்.

மறுவருஷம் படம் பழனிக்கு வந்தது. போக வேண்டாம் என்றேன், இருவரும் கேட்கவில்லை. மதியக் காட்சிக்கு நானும் கூடப் போனேன். திரையில் கல் விழுந்ததும் கொட்டகையே கைதட்டியது. அவன் கத்தியதை எடுத்துவிட்டு ஏதோ ஊளைச் சத்தம் சேர்த்திருந்தார்கள், பாவிகள். அவன் மேல் அடி விழ விழ விசில் பறந்தது. பக்கத்தில் இருந்தவன், "கொல்லுங்கடா காட்டுப்பயல" என்றான்.

வேலுமணி அவன் குரல்வளையைப் பிடித்தான். உடனே இருபது பேர் பாய்ந்து, பெஞ்சுக் கட்டையைப் பிடுங்கி அடித்தார்கள். தடுக்கப் போன எனக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது. மண்டை பிளந்து ரத்தம் ஒழுக ஒழுக அவனை வாசலுக்கு இழுத்து வந்தோம்.

வெளியே அடுத்த காட்சிக்கு வரிசை நின்றது. வேலுத்தாய் முந்தானையால் அவன் தலையை அமுக்கிப் பிடித்தபடி அந்த வரிசையையே பார்த்தாள்.

"தோட்டத்துல விழுந்த கல்ல நான் நட்டுட்டேங்க பாய். இங்கன தெனம் மூணு வாட்டி விழுதே, இத யாரு நடுறது?"