சாம்பல் தொட்டு முறுக்கிய டெலிபோன் ஒயர்

சென்னையில் பத்திரிகை வேலையை விட்டுவிட்டு ஆரணிக்குக் குடிவந்தபோது, வேறொரு பத்திரிகை எனக்கு ஒரு வாரம் சோதனையாக வேலை கொடுத்தது. வீட்டிலிருந்தே பக்கங்களைத் திருத்தி, மாலை நான்கு மணிக்குள் இணையத்தில் அனுப்ப வேண்டும். ஒரு நாள் தவறினாலும் வேலை இல்லை.

மாடியில் நான், கீழே வீட்டுக்காரர், தறியில் உட்கார்ந்து பிறகு பட்டுச் சேலை வியாபாரியானவர். தனி இணைப்பு கேட்டால் டெலிபோன் ஆபீசில் லைன் காலி இல்லை என்றார்கள். வீட்டுக்காரர் பெருந்தன்மையாகத் தம்முடைய லைனிலேயே சேர்ந்துகொள்ளச் சொன்னார். அந்தப் பெருந்தன்மையை அன்றே தெருவில் நாலு பேரிடம் சொல்லியும் விட்டார்.

லைன்மேன் கீழிருந்து என் மோடம் வரை ஒயர் இழுத்தார். இரண்டடி குறைந்தது. நாளைக்கு எடுத்து வருவதாகச் சொல்லிப் போனார். அவருடைய நாளைக்கு எந்தக் காலண்டரிலும் தேதி கிடையாது.

"இதுக்கு இன்னாத்துக்கு அவன்? ஆயிரக்கணக்குல இழை பிணைச்ச கை சார் இது. அங்க இருக்கிறது ரெண்டே இழை" என்றார் வீட்டுக்காரர்.

தறியில் பாவு என்கிற நீளவாட்டு நூல் தீர்ந்தால், புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் பழைய இழையோடு சேர்த்து விரலால் முறுக்குவார்கள். முடிச்சு கிடையாது. பிடிப்புக்குச் சாம்பல் தொட்டுக்கொள்வார்கள். பட்டுக்கு அது சரி. அவர் ஒரு துண்டு ஒயரைக் கொண்டுவந்து, மேல்தோலை உரித்து, ஈரச் சாம்பலைத் தொட்டுச் செம்புக் கம்பிகளை முறுக்கினார். டேப் சுற்றலாமே என்றேன்.

"டேப்பெல்லாம் கை வராதவனுக்கு சார்."

மோடத்தில் பச்சை விளக்கு எரிந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன். கேள்வி கேட்பதற்கென்றே வருடக்கணக்கில் சம்பளம் வாங்கியவன்.

மறுநாள் முதல், கீழே போன் மணி அடித்தால் மேலே இணையம் அறுந்தது. அதற்கும் அவரிடம் விளக்கம் இருந்தது. "போன் வந்தா நெட்டு கொஞ்சம் ஒதுங்கி வழி விடும். மரியாதை தெரிஞ்ச மிஷினு."

நான்கு நாட்கள் அந்த மரியாதைக்கு நடுவே பக்கங்களை அனுப்பினேன். ஐந்தாம் நாள் மூன்றே முக்காலுக்கு, கடைசிப் பக்கம் பாதி போயிருந்தபோது மணி அடித்தது. விளக்கு அணைந்தது, திரும்ப எரியவில்லை. கீழே ஓடினேன். அவருக்குச் சேலை நெய்து தருபவர் முள்ளிப்பட்டிலிருந்து பேசிக்கொண்டிருந்தார். பார்டர் அரக்கா, மாம்பழக் கலரா என்பது விவாதம்.

"அண்ணா, ரெண்டு நிமிஷம் வைங்க. நாலு மணிக்குள்ள போகலன்னா எனக்கு வேலை போயிடும்."

"பேசிகினு இருக்கேன்ல சார், பேஜார் பண்ணாதீங்க." பிறகு போனில், "ஒண்ணுமில்ல, மாடி பேப்பர்காரரு. நீ சொல்லு."

மாடிக்குப் போய் ஒயரின் முறுக்கைப் பிரித்தேன். சாம்பல் களிம்பாக இறுகி, செம்பு கறுத்திருந்தது. சுரண்டும்போது இரண்டு கம்பிகளும் ஒன்றோடொன்று பட்டு, கீழே அவர் பேச்சு அறுந்தது. துடைத்து முறுக்கி டேப் சுற்றினேன். பக்கம் நான்கு மணி ஐந்து நிமிடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பதில் உடனே வந்தது: நன்றி, நாளை முதல் வேண்டாம்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். வருத்தப்பட்டார், பேச்சு பாதியில் அறுந்ததற்காக.

"நீங்க கை வெச்சதாலதான் போச்சு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஜல்தியா இன்னும் கொஞ்சம் சாம்பல் தடவிக் குடுத்திருப்பேன்."

உண்மையாகவே அப்படி நம்பினார். அன்று மாலை மேலே வந்து என் டேப்பைப் பிரிக்க ஆரம்பித்தார். நான் தடுக்கவில்லை. நான்கு மணிக்குள் அனுப்ப என்னிடம் எதுவும் இல்லை.